தையலுக்கு இடம் விடாத வானம்

அன்று அந்த அறையில் மொத்தம் ஏழு பேர் இருந்தோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வுக் குழுவினர் மூவர்: குழுத் தலைவர், வாயே திறக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கேள்வி கேட்பதற்கென்றே வந்தது போலிருந்த ஒரு அம்மா. அப்புறம் கல்லூரி முதல்வர். கம்ப்யூட்டர் சார். திட்டத்தை நடத்தும் மேடம். ஏழாவது ஆள் நான். மேசையில் விரித்திருந்த வானத்தின் வரைபடம் சுருண்டுகொள்ளாமல் அதன் ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. ஆனால் அந்த வரைபடத்தில் என்ன தப்பு இருக்கிறது என்பது அங்கே ஒரே ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் நான். எனக்கும் அது தெரிந்து அரை நிமிடம்தான் ஆகியிருந்தது.

என் கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை கிடந்தது. உள்ளங்கை அளவு, ஆறு மூலை, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். விளிம்பிலிருந்து அரை விரல் அகலம் உள்ளே தள்ளி, சுற்றிலும் சிவப்புக் கோடு. அந்த நாளை நினைத்தால் ஆட்களின் முகத்துக்கு முன்னால் அந்தப் பலகைதான் கண்ணுக்கு வருகிறது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு தோலை மேசையில் விரித்தால் அதில் உண்ணி கடித்த புள்ளி எது, முள் கீறிய தழும்பு எது, வயிற்றுப்பக்கத்துத் தொளதொளப்பு எது என்று விரலே சொல்லிவிடும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எந்த அச்சை எங்கே வைத்தால் தோல் வீணாகாது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். அதற்குக் காரணம் திறமை பாதி, பயம் பாதி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன் நான். பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று இறங்கித் திரும்பி வந்ததும் உண்டு. ஆர்டர் குறைந்து, கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது, வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டத்துக்கு அட்டெண்டர் வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு வருட ஒப்பந்தம். சேர்ந்துகொண்டேன்.

இரண்டாவது மாடியில், ஒரு காலத்தில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. இருந்த ஒரே சன்னலையும் புரொஜெக்டருக்காகப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. வானத்துக்கான திட்டம் போட்ட அந்த அறையிலிருந்து வானத்தைப் பார்க்க வழியில்லை என்பது எனக்கு முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் மூச்சு முட்டியது. தொலைநோக்கி எங்கோ வடக்கே, குளிர் மலை ஒன்றின் உச்சியில் இருந்தது. எங்களில் மேடம் மட்டும்தான் அதை நேரில் பார்த்தவர்.

மேடத்துக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. வாணியம்பாடிக்காரர். அவருடைய மாமா வீட்டில் தோல் மண்டி இருந்தது. வீட்டில் உருது, எங்களோடு தமிழ், கம்ப்யூட்டரோடு ஆங்கிலம். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். நான் ஆம்பூர் கட்டிங்கில் இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் பேச அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"நாம வானத்தைப் போட்டோ புடிக்கலண்ணா. போட்டோ நெறைய பேர் எடுத்தாச்சு. நீங்க தோலைத் தொட்டுப் பாத்து இது வெள்ளாடு, இது செம்மறின்னு சொல்றீங்கள்ல? அந்த மாதிரி ஒவ்வொரு நட்சத்திரத்தோட வெளிச்சத்தையும் தனித்தனியாத் தொட்டுப் பாக்கப் போறோம்."

தொலைநோக்கிக்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள் நூற்றுக்கணக்கில் இருக்குமாம். ஒவ்வொன்றும் ஒரு புள்ளியின் வெளிச்சத்தைப் பிடித்துக் கொண்டுவரும். அதை வானவில் போலப் பிரித்துப் பார்த்தால், அந்தப் புள்ளியில் என்ன எரிகிறது, எவ்வளவு தூரம், நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்றெல்லாம் சொல்லிவிடலாம். அதை நிறமாலை என்றார். ஒரு தடவையில் தொலைநோக்கிக்கு அகப்படும் வானத்தின் அளவுதான் அந்த ஆறு மூலைப் பலகை. வரைபடத்தில் எங்களுக்குரிய பகுதி முழுவதையும் அப்படிப்பட்ட பலகைகளால் மூட வேண்டும். ஒரு பலகைக்கு ஒரு இரவு. எத்தனை பலகையோ அத்தனை இரவு அந்த மலையில் வேண்டும். இரவுகளைக் கொடுப்பது தேர்வுக் குழு.

கம்ப்யூட்டர் சார் போட்ட திட்டத்தில் நூற்று எழுபத்தொன்று வந்தது. நூற்று நாற்பதுக்கு மேல் கேட்டால் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டோம் என்று குழு சொல்லிவிட்டது. ஐந்து வருடமாக மேடம் இதற்காகவே அலைந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை இல்லையென்றால் அப்புறம் கிடையாது என்று அவரே சொன்னார். கண்ணெல்லாம் கருத்துப்போய், துப்பட்டாவை முடிவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயத்தில் அவருக்கு ஊரில் ஒரு சாவு. மூன்று நாள் வர முடியாது. போனில் என்னிடம் சொன்னார்:

"அண்ணா, இந்தக் கம்ப்யூட்டரோட ஒரே பேஜாராப் போச்சு. நீங்க ஒரு தடவை கையால வெச்சுப் பாருங்க. தோல் வெட்ற மாதிரியே வைங்க. கம்மிப் பீஸ்ல முடிச்சுக் காட்டுங்க."

தோல் வெட்டுகிற மாதிரியே வைத்தேன். அந்த மூன்று நாள் போல நான் சந்தோஷமாக வேலை பார்த்தது குறைவு. வரைபடத்தின் எல்லை, தோலின் எல்லை போலவே நேராக இல்லை. வளைந்து, உள்ளே வாங்கி, சில இடத்தில் வால் போல நீண்டு கிடந்தது. நடுவே தூசு மறைத்த கருந்திட்டுகள், அவற்றை விட்டுவிடலாம். இருந்த முப்பது பலகைகளைக் கொண்டு மேலிருந்து தொடங்கினேன். ஒரு வரிசையைக் கொஞ்சம் சாய்த்தால் ஓரத்தில் இரண்டு மிச்சம். திட்டைச் சுற்றி வளைத்து வைத்தால் மூன்று மிச்சம். வைத்துவிட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சிலால் புள்ளி குத்தி, எண் எழுதி, பலகைகளை எடுத்து அடுத்த இடத்துக்கு நகர்த்தினேன். சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் இல்லை. எங்கள் அச்சிலும் அப்படித்தான் இருக்கும். விளிம்பு வெட்டும் கோடு, உள்கோடு தையல் கோடு. வெட்டும் கோடும் வெட்டும் கோடும் முட்டி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டு பீஸும் பாழ், அந்த நாள் கூலியில் கைவைப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் ஏற்றி வைத்தவன் இல்லை.

நூற்று முப்பத்தெட்டில் முடிந்தது.

திரும்பி வந்த மேடம் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்று அது சொன்னது. கம்ப்யூட்டர் சார் என்னைப் பார்த்து, "யோவ், எட்டாவது படிச்சுட்டே என் வேலைக்கு ஒலை வெக்கிறியே" என்றார். மேடம் அன்று எல்லாருக்கும் இனிப்பு, ஆற்காட்டு மக்கன் பேடா, வாங்கி வரச் சொன்னார். அதை வாங்கப் போனவனும் நான்தான். கடையில் மீதிச் சில்லறையை எண்ணும்போதுகூட எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த அறையில் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போயிருந்தது.

குழு வந்த நாளில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்குப் பாதி புரியாது, புரிய வேண்டிய தேவையும் இல்லை. அப்போது கேள்வி கேட்கிற அம்மா ஒரு சொல்லைச் சொன்னார்: ஓவர்லேப். அது எனக்குத் தெரிந்த சொல். எங்கள் கம்பெனியில் தினமும் காதில் விழுவது. மேல்தோல் துண்டு ஒன்றின்மேல் இன்னொன்று ஏறி, தையல் பிடிக்கும் இடம். மேடம் உடனே பலகையை எடுத்து, சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, சுற்றிலும் ஓட்டிக் காட்டினார். அடுத்த பலகையின் விளிம்பு இந்தக் கோட்டில் வந்து உட்காரும் என்று கையால் வைத்துக் காட்டினார். ஓரத்து நட்சத்திரங்களை இரண்டு தடவை, இரண்டு வேறு இரவுகளில் பார்ப்போம். ஒரு இரவு தெளிவாக இருக்கும், ஒரு இரவு மங்கலாக இருக்கும். இரண்டிலும் அகப்பட்ட அந்த நட்சத்திரங்களை வைத்துத்தான் ஒரு இரவை இன்னொரு இரவோடு சேர்க்க முடியும். வார்த்தை புரியாவிட்டாலும் கை காட்டியது புரிந்தது.

குனிந்து வரைபடத்தைப் பார்த்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் என் கண்ணுக்கு மட்டும் பலகைகள் தெரிந்தன. விளிம்போடு விளிம்பு, நூல் இடைவெளிகூட இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஒரு மயிரிழைகூட ஏறாமல். வெட்டிய தோலை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்கலாம். வானத்தை வெட்டி எடுத்து எங்கே நகர்த்துவது? நூற்று முப்பத்தெட்டு இரவு பார்த்தாலும் நூற்று முப்பத்தெட்டு தனித்தனித் துண்டு. சேராது.

வாய் திறந்திருக்கலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம், தலைவர் மேடத்தின் கையைக் குலுக்கும் வரை நேரம் இருந்தது. இத்தனை படித்தவர்கள் மத்தியில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், நிறுத்துங்கள், இது தப்பு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மேடத்துக்கு அங்கேயே அவமானம். அன்று என் வாயை அடைத்தது அவர்மேல் வைத்த மரியாதை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மக்கன் பேடா நாளில் மாறிய பார்வையை இழக்கும் பயமும் அதில் இருந்தது. குழு போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பி, "கெடச்சுடுச்சுண்ணா, நூத்தி முப்பத்தெட்டும் கெடச்சுடுச்சு!" என்றார். என் இரண்டு கையும் வரைபடத்தின் மேலேயே இருந்தன. எடுக்க மறந்துபோயிருந்தேன்.

அப்புறம் நான்கு நாள். பொறிக்குள் அகப்பட்ட எலி சுற்றிச் சுற்றி ஒரே மூலைக்கு வருமே, அப்படி. சொன்னால் கிடைத்தது போய்விடும். சொல்லாவிட்டால் மலையில் குளிரில் உட்கார்ந்து மேடம் எடுக்கும் ஒவ்வொரு இரவும் வீண். அது வெளியே தெரிய இரண்டு வருடம் ஆகும், அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன் என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்புக்காக இன்னும் பயந்தேன். சன்னல் இல்லாத அந்த அறைக்குள் மேடம் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் துணியைக் கையில் எடுத்துக்கொள்வேன். தேவையில்லாமல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

என் மனைவி அதே ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருக்கிறாள். நான்காம் நாள் அவளே கேட்டாள். சொன்னேன். வானம், நிறமாலை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"தையலுக்கு எடம் வுடாம வெட்டிக் குடுத்துட்டியா?"

"ஆமா."

"இன்னா மாமா, நீயா? கட்டிங்காரன் செஞ்ச தப்புக்குத் தையல்ல நாங்க இன்னாத்தப் புடிச்சுத் தைக்கிறது? ஒரு தடவை அப்பிடி வந்துச்சு. பேசாம மூடிக்கினு தைச்சோம். எரநூறு ஜோடி திரும்பி வந்துச்சு, திட்டு எங்களுக்கு." அப்புறம், "அந்தம்மா இன்னும் ஒரு தையல்கூடப் போடல இல்ல? போய்ச் சொல்லு. சொல்லலன்னா நீ கேஸைத் தெறந்து மூடித் தெறந்து மூடியே எங்களக் கொன்னுடுவ" என்றாள்.

மறுநாள் காலை மேடம் பையை வைப்பதற்குள் சொன்னேன். இரண்டு பலகைகளை எடுத்து மேசையில் விளிம்போடு விளிம்பு வைத்து, "நான் இப்பிடித்தான் வெச்சேன் மேடம், எல்லாத்தையும்" என்றேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே தெரியுமா?"

"அந்தம்மா கேட்டப்போதான் தெரிஞ்சுது."

"அஞ்சு நாள்ணா," என்றார். அப்புறம் உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியாத உருதுவில் ஏதோ சொன்னார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. "தோல் வெட்ற மாதிரியே வைங்கன்னு நாந்தானே சொன்னேன். எங்க மாமா வூட்ல தோலை வாங்கி விக்கிறதோட சரி. வெட்றது எப்படின்னு நான் எங்க கண்டேன்?"

அன்றே உட்கார்ந்து சிவப்புக் கோட்டில் விளிம்பை வைத்து மறுபடி அடுக்கினோம். எவ்வளவு சாய்த்து, வளைத்துப் பார்த்தும் நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை. இருபத்திரண்டு இரவு குறைகிறது. மேடம் குழுவுக்கு எழுதினார். திட்டத்தில் தவறு, பொறுப்பு தன்னுடையது என்று மட்டும் எழுதினார். எழுதியதைக் கம்ப்யூட்டர் சார் எனக்குப் படித்துச் சொன்னார். அதில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: ஒரு இரவுகூடக் கூட்ட முடியாது, வேண்டுமானால் வானத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குறைப்பை என்னிடமே கேட்டார் மேடம். "ஒரு தோல்ல இருபத்திரண்டு பீஸை வுட்டுடணும்னா எதை வுடுவீங்க?" வேண்டாம் மேடம், நீங்களே பாருங்கள் என்றேன். "தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா" என்றார். வரைபடத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டினேன். அந்த மலையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை ஒட்டி வரும், அங்கே காற்று கனம், வெளிச்சம் கலங்கித் தெரியும் என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். தோலில் வயிற்றுப்பக்கம் போல. நான் தப்பாகச் சொல்லவில்லை.

"நிச்சயமா?"

"அங்கதான் தரம் கம்மி மேடம்."

ரப்பரை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக அழித்தார். பத்தொன்பதாவதோ இருபதாவதோ அழிக்கும்போது பக்கத்தில் ஒரு சின்ன டிக் குறி இருந்தது. திட்டம் தொடங்கிய முதல் நாளே அவர் போட்டது. மங்கலான விண்மீன் கூட்டங்கள் கொத்தாக இருக்கும் இடம், படிக்கிற காலத்திலிருந்து இதைத்தான் பார்க்க ஆசை என்று, டீ கொடுக்கப் போன என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு எப்படி மறக்கும்? கை ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் அந்த டிக்கையும் சேர்த்து அழித்துவிட்டு, துகளை ஊதிவிட்டார். இல்லை மேடம், வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு எந்த இடத்தைக் காட்டினாலும் அது இதைவிட நல்ல தோல் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பிய நாளில் பலகைகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கடுமையாக ஏதோ சொல்லப் போகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டே, "இருபத்திரண்டு ராத்திரி போச்சு. சொன்னது நான், வெச்சது நீங்க. ஆளுக்குப் பாதி. உங்க பங்கு பதினொண்ணு, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். என்னைக் குற்ற உணர்ச்சியிலிருந்து பாதியாவது இறக்கிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். என் குணம் அவருக்குத் தெரியாது. எனக்கு யாரும் எதையும் விளையாட்டாகச் சொல்லிவிட முடியாது.

இப்போது நான் மறுபடி ஆம்பூரில், வேறு கம்பெனியில், கட்டிங்கில்தான் இருக்கிறேன். ஆறு நாளும் வேலை இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேடத்திடமிருந்து செய்தி வரும். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பார்த்து முடித்த வானம் முழுவதும் சேர்ந்த படம். சின்னச் சின்னப் புள்ளிகள், கிட்டே உள்ளது ஒரு நிறம், தூரத்தில் உள்ளது ஒரு நிறம். தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணை வைத்துத் தேடினேன். தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. கீழே மட்டும் யாரோ கடித்து எடுத்த மாதிரி ஒரு வெள்ளை இடம். பார்க்கிறவர்கள் அங்கே வானம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். கூடவே மேடத்தின் குரலும் வந்திருந்தது. பின்னால் காற்றுச் சத்தம், மலையிலிருந்துதான் பேசினார்.

"அண்ணா, வேற டீமுக்கு மெஷின் ரிப்பேரு, அவங்க வுட்டுக் குடுத்த ராத்திரி ரெண்டு, மூணுன்னு சேத்து என் பங்கு பதினொண்ணையும் முடிச்சுட்டேன். அந்த வெள்ளை எடத்துல பாதி ரொப்பியாச்சு, அடுத்த படத்துல பாருங்க. டிக் போட்ட எடத்துக்குத்தான் இன்னும் போய்ச் சேரல. உங்க பங்கு எப்போ வருது?" என்று சிரிக்கிறார்.

நான்கு தடவை போட்டுக் கேட்டேன். என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் இன்றுவரை அனுப்பவில்லை. மேகமில்லாத இரவை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது? பலகை என் கட்டிங் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதை எழுதுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளக்கில் பிடித்தால் சிவப்புக் கோடு சுவரில் விழுகிறது. "பூட்டிட்டேன், நானே இழுத்தும் பாத்துட்டேன், வந்து படு" என்கிறாள் என் மனைவி. அவள் சொன்னால் பூட்டியிருப்பாள். அது இல்லை என் கவலை. பதினொரு இரவு இன்னும் பாக்கி.